குறைந்த வருமானப் பகுதிகளில் சத்தான உணவையும் உடற்பயிற்சியையும் மேம்படுத்த மக்கள் சேர்ந்து என்ன செய்ய முடியும்?

கேள்வி கேட்டவர் ராணிப்பேட்டை பக்கம் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஓர் ஊரில் இளைஞர் மன்றம் நடத்துகிறார். சத்துணவு பற்றிக் கூட்டம் போட்டுப் பார்த்தார்களாம், யார் வீட்டுச் சமையலும் மாறவில்லை. காலை நடைப்பயிற்சிக்கு அழைத்தார்களாம், பெண்கள் ஒருவரும் வரவில்லை. "எங்கள் மக்களுக்கு அக்கறை இல்லையா?" என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறார்.

அக்கறை நிறையவே இருக்கிறது தம்பி. நான் வேலூரில், பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த ஒரு பகுதியில் குடியிருக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறேன். கீரை நல்லது, முட்டை நல்லது, நடந்தால் நல்லது என்று தெரியாத தாய் எங்கள் தெருவில் ஒருத்தி கூட இல்லை. கூட்டம் போட்டு அதையே மறுபடியும் சொன்னால் அவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் மன்றத்துக்கு நான் சொல்வது இதுதான்: சேர்ந்து வாங்குவதற்கு ஒரு வழி செய்யுங்கள், சேர்ந்து நடமாட ஓர் இடத்தைத் திறந்துவிடுங்கள்.

மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் சற்று நின்றால் விஷயம் விளங்கிவிடும். பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள், ஒரு கைப்பிடி பருப்பு, அழும் பிள்ளைக்கு ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். அன்றைக்குக் கையில் இருப்பது அவ்வளவுதான். பொட்டலமாக வாங்குவதால், மாத மளிகையை மொத்தமாக வாங்கிப் போடுகிறவர்களைவிட இவர்கள் கிலோவுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். பணம் இறுக்கமான வாரத்தில் பட்டியலிலிருந்து முதலில் போவது முட்டை, அடுத்தது பயறு, அப்புறம் காய்கறி. அரிசி மட்டும் போவதில்லை. ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைக்கின்றன, ஆனால் ஒரு கிலோ பருப்பு ஐந்து பேர் உள்ள வீட்டில் எத்தனை நாளைக்கு வரும்? அந்த ரேஷன் இல்லாவிட்டால் எங்களில் பலர் பட்டினிதான், அதனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தட்டு நிறையச் சோறும் மேலே கொஞ்சம் ரசமும் என்று சாப்பாடு சுருங்கிப்போவது இப்படித்தான்.

இதன் விளைவு என் கணக்குப் புத்தகத்தில் தெரிகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொல்கிறது. அதே ஆய்வின்படி அந்த வயதுப் பெண்கள் எல்லாரையும் எடுத்துக்கொண்டால் 40 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும், சர்க்கரை பார்த்தால் இருநூறைத் தாண்டியிருக்கும். "உடம்பு இவ்வளவு பூரித்திருக்கிறதே, இவளுக்கு என்ன சத்துக்குறைவு?" என்று மாமியார் கேட்பார். வயிறு நிறைந்திருக்கிறது, ரத்தத்துக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாகச் சொல்கிறேன்.

இதில் வேலூருக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் பதிவு செய்து, அவர்கள் பெரியவர்களான பிறகும் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது மெலிந்திருந்து, வளர வளர வேகமாக எடை கூடியவர்களுக்கு இளம் வயதிலேயே சர்க்கரைக் கோளாறு அதிகமாக இருந்தது. உலகம் முழுவதும் எடுத்துப் பேசப்படும் ஆய்வு அது. என்னைப் பொறுத்தவரை அதன் பொருள் மிக எளியது. பிள்ளையின் தட்டில் முட்டை வைப்பதும் அவள் அம்மாவை எழுந்து நடக்க வைப்பதும் இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் வாரச் சேமிப்பும் உள்கடனும் எப்போதும் உண்டு. அந்தக் கடனில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுக்கத் தீர்மானம் போட்டோம். நேதாஜி மார்க்கெட்டுக்கு இரண்டு பேர் போய் மொத்தமாக வாங்கி, ஆட்டோவில் ஏற்றி வருவார்கள். ஒருவர் வீட்டுத் திண்ணையில் தராசு வைத்து எல்லார் எதிரிலும் நிறுத்துப் பிரிப்போம். பீடிக் கூலி கைக்கு வந்ததும் வாரத் தவணையாகத் திருப்பிக் கட்டுவார்கள். பட்டியல் நீளக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வேர்க்கடலை, கேழ்வரகு, பச்சைப்பயறு, அட்டைக் கணக்கில் முட்டை, இந்த நான்கு மட்டுமே. சர்க்கரையும் மைதாவும் சேர்க்கலாமே என்று கேட்டவர்களுக்கு, அவை கடையில் கிடைக்கின்றன, நம் குழுப் பணம் அதற்கு வேண்டாம் என்றேன்.

நான்கும் சும்மா வந்தவை அல்ல. வேர்க்கடலை நம் வட ஆற்காட்டு மானாவாரிப் பயிர், நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். கேழ்வரகு நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் கூடத் தேறாது. பச்சைப்பயறை முளைகட்டினால் அடுப்புச் செலவே இல்லை. முட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது யார் தட்டுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் ஆண்களுக்கும் பையன்களுக்கும் வைத்துவிட்டு, மாதவிடாயில் ரத்தம் இழக்கும் பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே ஆள் கணக்கில் முட்டை பிரித்தோம், வீட்டுக் கணக்கில் பிரிக்கவில்லை. "இது உன் பெண்ணுக்கு, இது உனக்கு" என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் தாய் தன் பங்கை விட்டுக்கொடுக்கச் சற்றுத் தயங்குகிறாள்.

கேழ்வரகில் ஒரு சிக்கல் வந்தது. வயதானவர்களுக்குக் களியும் கீரைக் கடைசலும் உயிர். மருமகள்களோ, களி கிண்டினால் வீட்டில் அரிசிக்கு வழியில்லை என்று பக்கத்து வீட்டார் நினைப்பார்கள் என்றார்கள். அந்தக் கூச்சத்தை வாதம் செய்து போக்க முடியாது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது மட்டும் வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை, ஏனென்றால் எல்லாரும் குடிக்கிறார்கள். அண்டா, துடுப்பு, கிண்டத் தெரிந்த கைகள் எல்லாம் தெருவிலேயே இருக்கின்றன. ஆடி முடிந்த பிறகும் வாரம் ஒரு மாலை வார்க்கலாமே என்று கோயில் பெரியவர்களிடம் கேட்டோம், ஒப்புக்கொண்டார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பக்கத்துத் தெரு முஸ்லிம் குடும்பங்களுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழக்கம். பருப்பும் காயும் இன்னும் தாராளமாகப் போட்டு அவர்களும் மாதம் ஒருமுறை காய்ச்சுகிறார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், ஊர் ஏற்கெனவே சேர்ந்து சமைக்கும் இடம் எது என்று பாருங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு, நிறையப் பலன் தருவது: சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள். டீ, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். கீரை சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். பீடி சுற்றும் பெண்கள் மதியச் சோற்றைத் தள்ளிப்போட்டு டீயாலேயே பசியை அடக்குகிறார்கள்.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். எல்லாரையும் நடக்கச் சொல்வதற்கு முன் யார் உட்கார்ந்து வேலை செய்கிறார், யார் நின்று வேலை செய்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். செங்கல் சுமப்பவளிடமும், தோல் தொழிற்சாலையிலோ ஷூ கம்பெனியிலோ நாள் முழுவதும் நின்றுவிட்டு வருபவளிடமும் போய் நடைப்பயிற்சி என்றால் அது அவளை அவமதிப்பதாகும். அவளுக்கு வேண்டியது புரதமும் ஓய்வும், இடுப்புக்கும் காலுக்கும் கொஞ்சம் நீட்டி மடக்கும் பயிற்சியும்தான். பீடி சுற்றுபவள் நிலைமை வேறு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் கழுத்து குனிந்தபடி, முழங்கால் மடங்கியபடி பொழுது போய்விடும். இலையை அளவாக வெட்டுவது, தூளை நிரப்புவது, சுருட்டுவது, நூல் கட்டுவது, விரல்களுக்கு மட்டும்தான் வேலை. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்தால் காசு போகும். அவர்களிடம் நான் கேட்பது, ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல் வரை போய் வரும்படி மட்டுமே. மற்றது மாலையில்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சியும் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கே போய் ஆடுவது? கோட்டை அகழி ஓரம் நடக்க அருமையான இடம்தான். ஆனால் ஷூ போட்டு நடப்பவர்கள் நடுவே நைட்டிமேல் துண்டு போட்டு, தேய்ந்த செருப்போடு நடக்க எங்கள் பெண்களுக்கு மனம் வரவில்லை. காலையில் குழாய்த் தண்ணீர், சமையல், பள்ளிக்கூடம். வேலூர் வெயிலில் பகலை நினைக்கவே முடியாது. மிஞ்சுவது இரவு ஏழு மணிக்குப் பிறகு. அந்த நேரத்தில் தெருவில் வெளிச்சம் இல்லை, நாய்கள் இருக்கின்றன, டாஸ்மாக் கடைப் பக்கம் போக முடியாது. உங்கள் அழைப்புக்குப் பெண்கள் வராததற்கும் காரணங்கள் இப்படித்தான் இருக்கும்.

ஐந்து நிமிட நடையில் ஒரு பள்ளி மைதானம் பூட்டிக் கிடந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அங்கே தீர்மானம் போட்டு, சாவியை இரண்டு பெண்கள் பொறுப்பில் வாங்கினோம். விளக்குக்காக, நகரத்தில் கிராம சபை போல மக்கள் கூடும் பகுதி சபையில் மனு கொடுத்தோம், கவுன்சிலரிடம் நேரிலும் போய்ப் போய்க் கேட்டோம். விளக்கு எரிந்த அன்று கூட நடப்பதற்கு வந்தவர்கள் சிலரே. கூட்டம் சேர்ந்தது கும்மியால். பாட்டி ஒருவர் பாட, நாலு பேர் குனிந்து நிமிர்ந்து கைகொட்டிச் சுற்ற ஆரம்பித்தார்கள். இடுப்பு, தோள், முழங்கால் எல்லாம் வேலை செய்யும், மூச்சு வாங்கும், வியர்க்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் குனியாமல் கைகொட்டிச் சுற்றுகிறார்கள். பெண் பிள்ளைகள் ஓரத்தில் பாண்டி ஆடுகிறார்கள், கயிறு தாண்டுகிறார்கள். அதற்குப் பிறகு மைதானத்தைச் சுற்றி நடப்பதற்கு யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் அரசு கொடுப்பதை முழுதாகப் பயன்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். காலை உணவு 2023 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கிடைக்கிறது. மதியம் சத்துணவு, முட்டை. அங்கன்வாடியில் சத்துமாவு. அந்த மாவு பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று மூலையில் கிடக்கும் வீடுகள் பல. தேங்காய்த் துருவல் சேர்த்துக் கொழுக்கட்டையாகவோ, முருங்கைக்கீரை கிள்ளிப் போட்டு அடையாகவோ செய்து காட்டினோம், தீர்ந்துபோகிறது. மாதாமாதம் எடை பார்ப்பதை மட்டும் தவற விடாதீர்கள். 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமே இந்த அடிப்படையில்தான் நடந்தது. கிராமத்துப் பெண் ஒருத்தி மாதாமாதம் எடை பார்ப்பாள், எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். யாருக்கு அவசரம் என்று தெரிந்து கொடுத்தால் கையில் இருக்கும் கொஞ்சம் போதும்.

உங்கள் மன்றத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் இளைஞர்கள், மாலையில் மைதானம் முழுவதும் வாலிபாலும் கபடியுமாக உங்கள் கையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் வேலையாக ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுங்கள். அந்த நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நின்று பார்க்கவும் வேண்டாம். எந்த நேரம் என்பதை ஷிப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கும் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நல்ல தராசு வாங்கி அருகிலுள்ள சுயஉதவிக் குழுவிடம் கொடுங்கள். உங்களில் வண்டி வைத்திருப்பவர் சனிக்கிழமை மொத்தச் சரக்கை ஏற்றி வரட்டும். எங்கள் குழுவுக்கு ஆட்டோக் கூலியே பெரிய செலவு. உங்களுடையது ஊராட்சி என்றால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 போன்ற கிராம சபை நாட்கள் வருகின்றன. மைதானத்துக்கு விளக்கு, பள்ளிச் சாவிக்கு இரண்டு பெண்களின் பொறுப்பு, இந்த இரண்டை மட்டும் எழுதி, கூடுமானவரை பெண்களின் கையெழுத்தோடு கொண்டுபோங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிவிட்டதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.