டிஹெச்சிபி-யைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது எதில் சறுக்குவோம்?

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-இல் ஓடும் டிஹெச்சிபி-யை (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் சேவை) 2022-க்குக் கொண்டுபோக வேண்டும், யாருக்கும் நெட் போகக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதை இரண்டு முறை செய்திருக்கிறேன், முதல் முறை சொதப்பினேன்.

தரவை நகர்த்துவது ஐந்து நிமிட வேலை. பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) பழையதில் எக்ஸ்போர்ட், புதியதில் இம்போர்ட். ஸ்கோப் (கொடுக்க வேண்டிய ஐபி-களின் வரம்பு), ரிசர்வேஷன் (ஒரு கருவிக்கென்றே ஒதுக்கிய ஐபி) எல்லாம் வந்துவிடும். லீஸ், அதாவது எந்த ஐபி யாரிடம் எதுவரை இருக்கும் என்ற பதிவு, மட்டும் தனியாகக் கேட்டால்தான் வரும். கேட்காமல் விட்டால், ஒருவர் கையில் இருக்கும் ஐபி-யையே புது சர்வர் இன்னொருவருக்கும் தூக்கிக் கொடுக்கக்கூடும். எக்ஸ்போர்ட் முடிந்த கையோடு பழைய சர்வரில் சர்வீஸை நிறுத்திவிடுங்கள். புதியதை ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் நிர்வகிக்கும் விண்டோஸ் சேவை) ஆதரைஸ் செய்யாவிட்டால், அதாவது அனுமதி கொடுக்காவிட்டால், அது வாயே திறக்காது.

நான் சறுக்கியது ரிலேயில், அதாவது கருவிகளின் கோரிக்கையை வேறு நெட்வொர்க்கில் இருக்கும் டிஹெச்சிபி சர்வருக்குக் கடத்திவிடும் அமைப்பில். புது சர்வருக்கு வேறு ஐபி. சுவிட்சில் ஒவ்வொரு விலானிலும் (நெட்வொர்க்கின் தனிப் பிரிவு) ஹெல்பர் அட்ரஸை, அதாவது ரிலே கோரிக்கையை அனுப்ப வேண்டிய சர்வரின் ஐபி-யை, மாற்றிக்கொண்டே வந்தவன், குடோன் விலானை விட்டுவிட்டேன். வெள்ளி இரவு மாற்றினோம். சனி, திங்கள், செவ்வாய் எல்லாம் அமைதி. புதன் காலை ஒரு லேபிள் பிரிண்டர் போனது, மதியம் இன்னொன்று. பிரிண்டர்தான் பழசு என்று ஒரு நாள் முழுக்க அதையே நோண்டினோம்.

கணக்கு இதுதான். விண்டோஸில் லீஸ் இயல்பாக 8 நாள். பாதிக் காலத்தில், அதாவது 4-ஆம் நாளில், கருவி தனக்கு ஐபி கொடுத்த சர்வரையே நேராகத் தேடிப் போகும். பதில் இல்லையென்றால் 87.5 சதவீதத்தில், 7-ஆம் நாளில், எந்த சர்வராவது பதில் சொல்லட்டும் என்று எல்லோருக்கும் கேட்கக் கூவும். அந்தக் கூவலையும் ரிலே செத்துப்போன சர்வருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. எப்போதும் ஓடும் கருவியில் லீஸின் வயது அதிகபட்சம் 4 நாள்தான் இருக்கும் என்பதால், மாற்றியதிலிருந்து 4 முதல் 8 நாளுக்குள் ஒவ்வொன்றாக விழும்.

அதனால் சில நாள் முன்பே ஹெல்பரில் பழையது, புதியது இரண்டையும் போட்டுவையுங்கள். லீஸ் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே 1 மணி நேரமாகக் குறையுங்கள். ஏற்கெனவே ஐபி வாங்கியவை அடுத்த புதுப்பிப்பில்தான் அதை அறியும். அப்புறம், தப்பு இருந்தால் அன்றே தெரிந்துவிடும். பழைய சர்வர் வேறு வேலை எதுவும் செய்யவில்லை என்றால் அதன் ஐபி-யையே புதியதற்குக் கொடுத்துவிடுங்கள், ரிலேயைத் தொடவே வேண்டாம்.

முடிந்ததும் லீஸை மறுபடி 8 நாளாக்குங்கள். நான் மறந்து, மூன்று மாதம் ஒரு மணி நேரத்திலேயே ஓடியது.