சார்ஜரைப் பிடுங்கவா, விடவா? லேப்டாப் பேட்டரி பற்றி வாசகர் கேள்விகள்

மதுரையில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்து 19 வருடமாகிறது. சித்திரை பிறந்துவிட்டால் என் மேசைக்கு வருகிறவற்றில் பேட்டரி போனவைதான் அதிகம். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் பேட்டரிப் பேச்சே நிறைந்திருந்தது. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். காலை 9 மணிக்குச் சார்ஜரைச் செருகினால் இரவு 7 வரை எடுப்பதில்லை. லேப்டாப் வாங்கி 14 மாதம். முதலில் 5 மணி நேரம் நின்ற பேட்டரி இப்போது ஒன்றரை மணி நேரம்கூட நிற்கவில்லை. 100 ஆனதும் பிடுங்கு, 20 ஆனதும் செருகு என்கிறார் என் கணவர். வேலைக்கு நடுவே இதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியுமா சார்?
— கணக்காளர், விருதுநகர்

பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை அம்மா. பேட்டரி நிறைந்த பிறகும் மின்சாரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படிப் போகாது. நிறைந்ததும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும். அதன் பிறகு லேப்டாப் நேராகச் சார்ஜரில்தான் ஓடுகிறது.

அப்படியானால் உங்கள் பேட்டரி ஏன் இளைத்தது? இரண்டு காரணம். ஒன்று, நிறைந்த நிலையிலேயே நாள் முழுக்க நிற்பது. இரண்டாவது, சூடு. இரண்டும் சேர்ந்தால்தான் மோசம்.

உங்கள் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக நிறையும்போது அதன் அழுத்தம் 4.2 வோல்ட் அளவில் இருக்கும். அந்த உச்சத்தில் நிற்கும்போது உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. நம் ஊர் உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு படியுமே, அதுபோல ஒரு படிவம் செல்லுக்குள்ளும் தடித்துக்கொண்டே வரும். அதில் சிக்கிய லித்தியம் மறுபடி வேலைக்கு வராது. சூடு இதை வேகப்படுத்தும். ஆட்டிய மாவு கத்திரி வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துப்போகிறது, மார்கழியில் மறுநாள் காலை வரை தாங்குகிறது இல்லையா, பேட்டரிக்குள் நடப்பதும் அப்படித்தான்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்த செல் ஏறக்குறைய 4 சதவீதம் கொள்ளளவை இழக்கும். அதே செல்லை 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 35 சதவீதம் வரை போய்விடும். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமலே இவ்வளவு. விருதுநகர் வெயிலில், ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் வயிற்றுக்குள் 40 டிகிரி என்பது சாதாரணம். உங்கள் பேட்டரி நாளுக்குப் பத்து மணி நேரம் அந்த நிலையில் இருந்திருக்கிறது.

செய்ய வேண்டியது ஒரே ஒரு அமைப்பு. சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துவிடுங்கள். லெனோவோ என்றால் வான்டேஜ் செயலியில் ‘கன்சர்வேஷன் மோட்’. ஏசஸ் என்றால் மைஏசஸ் செயலியில் பேட்டரிப் பகுதி. ஏசரில் கேர் சென்டர். டெல்லிலும் ஹெச்பியின் பல மாடல்களிலும் பயாஸுக்குள்ளேயே, அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையிலேயே, பேட்டரி பற்றிய பகுதி இருக்கும். ஒரு தடவை வைத்துவிட்டால் சார்ஜரை நாள் முழுக்கச் செருகியே வைத்துக்கொள்ளலாம். வெளியூர் போகிற அன்றைக்கு மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மாடலில் இந்த வசதி இல்லையென்றால் வேலை முடிந்ததும் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள், இரவில் செருகி வைக்காதீர்கள். அதுவே பாதி நன்மை.

லேப்டாப்பை எங்கே வைத்து வேலை பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 2020-இல் ஆன்லைன் வகுப்பு எடுத்த ஓர் ஆசிரியை தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வாங்கி ஒரு வருடம்தான். அடிமூடியைக் கழற்றினால் காற்று வெளியேறும் சந்து முழுக்கப் பஞ்சு. தலையணையை மடியில் போட்டு அதன்மேல் வைத்து எட்டு மாதம் பாடம் நடத்தியிருக்கிறார். ஃபேன் சுற்றியும் சூடு வெளியே போக வழியில்லை. பேட்டரி பாதிக்கு வந்துவிட்டது. ஒரு மரப்பலகை போதும், அதற்கென்று விற்கும் ஸ்டாண்டுகூட அவசியமில்லை. பின்பக்கம் சற்றே உயர்ந்திருந்தால் நல்லது. வருடத்துக்கு ஒரு முறை உள்ளே தூசி தட்டக் கொடுங்கள்.

போன கொள்ளளவு திரும்பி வராது அம்மா. மிச்சம் இருப்பதை மெதுவாகக் கரைய வைக்கலாம், அவ்வளவுதான்.

முழுதாக இறங்கிய பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரிக்கு ‘பழக்கம்’ வந்துவிடும் என்று கார்டுலெஸ் போன் வாங்கிய காலத்தில் கடைக்காரர் சொன்னார். இன்றுவரை அப்படியே செய்கிறேன். லேப்டாப்புக்கும் அதுதானே?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

கடைக்காரர் அன்றைக்குச் சொன்னது சரிதான் ஐயா. அது நிக்கல் காட்மியம் பேட்டரி. பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அது பாதியைத்தான் முழுசு என்று எடுத்துக்கொள்ளும். இப்போது லேப்டாப்பில் இருப்பது வேறு ரசாயனம். லித்தியம் அயன் பேட்டரியை 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃப்புக்கு அப்போது வயது 97. நோபல் பெற்றவர்களிலேயே மூத்தவர் அவர்தான். உங்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

இந்தப் பேட்டரிக்கு நீங்கள் செய்வது நேர் எதிர் வைத்தியம் ஐயா. ஒவ்வொரு நாளும் பூஜ்யம் வரை இறக்கினால் அதன் ஆயுள் குறையும். 20, 30 வந்ததும் செருகிவிடுங்கள். பாதியில் செருகுவதால் ஒரு ‘சைக்கிள்’ வீணாகுமோ என்ற கவலையும் வேண்டாம். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள்.

ஒன்று மட்டும் உண்மை. பல மாதம் பாதியிலேயே ஓட்டினால் திரையில் காட்டும் சதவீதம் கொஞ்சம் தப்பாகப் போகலாம். 30 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணையும். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுதாக ஏற்றி, பத்துக்குக் கீழே வரை இறக்கி, மறுபடி ஏற்றினால் போதும். அது மீட்டரைச் சரிசெய்வதற்கு. பேட்டரிக்கு அதனால் புதுத் தெம்பு வராது.

அண்ணா, நான் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. படிக்கிறேன். லேப்டாப் மூன்று வருடப் பழசு. பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் வருகிறது. ஒரு கடையில் 1,100 ரூபாய்க்குப் புதுசு என்கிறார்கள், இன்னொரு கடையில் 3,200. அப்பா மார்க்கெட்டில் சுமை தூக்குகிறார். எதை வாங்கட்டும்?
— கல்லூரி மாணவி, தேனி

தங்கச்சி, முதலில் வாங்க வேண்டுமா என்று பார்ப்போம். காசு செலவில்லாமல் நீயே பார்க்கலாம்.

விண்டோஸில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ திற. ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்று சேர்த்து எழுது. ஓர் இடைவெளி விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் (batteryreport) என்று அதையும் சேர்த்து எழுதி என்டர் தட்டு. ஒரு கோப்பு உருவாகும், எங்கே இருக்கிறது என்று அதுவே சொல்லும். பிரவுசரில் திறந்து இரண்டு எண்களைத் தேடு: ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’. முதலாவது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது இன்றைக்கு இருப்பது. உதாரணமாக, முதலாவது 41,040, இரண்டாவது 29,500 என்று வைத்துக்கொள். 72 சதவீதம் உயிர் இருக்கிறது. இந்தப் பேட்டரியை மாற்றச் சொல்லி நான் யாரிடமும் காசு வாங்க மாட்டேன்.

அப்புறம் ஏன் ஒன்றரை மணி நேரம்தான் வருகிறது? 29,500 மில்லிவாட் மணி என்றால் 29.5 வாட் மணி. லேப்டாப் 8 வாட் குடித்தால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். 20 வாட் குடித்தால் ஒன்றரை மணிதான். திரை வெளிச்சம் முழுசாக இருக்கிறதா, பிரவுசரில் முப்பது டேப் திறந்திருக்கிறதா, தெரியாமல் ஏதாவது பின்னால் ஓடுகிறதா என்று ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து பார். வெளிச்சத்தைப் பாதியாக்கினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே இருந்தால், சரி, மாற்றத்தான் வேண்டும். அப்போதும் 1,100 ரூபாய் பேட்டரி பக்கம் போகாதே. 2013-இல் ஒரு மொத்த வியாபாரியிடம் விலை மலிவு என்று இருபது பேட்டரி எடுத்தேன். நாலு மாதத்தில் பன்னிரண்டு திரும்பி வந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். பழைய செல்களுக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் ஒருவர் கடன் வாங்கிப் படித்துக்கொண்டிருந்த பையன். தேர்வு நேரத்தில் அவன் அலைந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

கடையில் இதெல்லாம் பார்: உன் பழைய பேட்டரியின் மேல் இருக்கும் பார்ட் நம்பர், புதியதிலும் அதே இருக்க வேண்டும். வோல்ட்டும் வாட் மணியும் ஒத்துப்போக வேண்டும். ஐஎஸ் 16046 என்ற எண்ணோடு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். தயாரித்த தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் வேண்டாம், பெட்டிக்குள்ளேயே வயசாகியிருக்கும். பழையதையும் புதியதையும் இரண்டு கையில் வைத்துத் தூக்கிப் பார். புதியது கணிசமாக லேசாக இருந்தால் உள்ளே சரக்கில்லை. பில்லில் வாரன்டி எத்தனை மாதம் என்று எழுதி வாங்கு. மாட்டிய பிறகு கடையிலேயே அந்த ரிப்போர்ட்டை மறுபடி எடு. இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சைக்கிள் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்குள் இருக்க வேண்டும். அதையெல்லாம் பார்த்த பிறகு பணத்தைக் கொடு. கூச்சப்படாதே, அது உன் அப்பாவின் உழைப்பு.

லேப்டாப்பின் டச்பேட் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அமுக்கினால் உள்ளே போகிறது. கிளிக் மட்டும் சரியாக விழவில்லை. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்?
— தையல் கடை உரிமையாளர், திண்டுக்கல்

அமுக்காதீர்கள் அண்ணே. டச்பேடில் குறை இல்லை, அதற்குக் கீழே இருக்கும் பேட்டரி வீங்கியிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்து தலையணை மாதிரி உப்பி டச்பேடைத் தள்ளுகிறது.

இதைப் படித்ததும் லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், மறுபடி செருகவே வேண்டாம். துணி, நூல், காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் சிமென்ட் தரையில் வையுங்கள். உங்கள் கடையில் துணிதான் நிறைய இருக்கும், ஆகவே கடைக்குள் வைக்கவே வேண்டாம். பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். ஊசியால் குத்தி வாயுவை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். குத்தினால் தீப்பிடிக்கும். புகை வந்தால் எல்லோரும் வெளியே போய் 101-க்கு அழையுங்கள்.

எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். துப்புரவுப் பணியாளர் கையில் அது நசுங்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் சிங்கப்பூர் போகிறோம். வீட்டில் விட்டுப் போகும் லேப்டாப்பை முழுச் சார்ஜ் செய்து வைக்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

பாதிச் சார்ஜில் வையுங்கள். ‘ஸ்லீப்’ வேண்டாம், முழுதாக அணைத்துவிடுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் வேண்டாம், கோடையில் அங்கே சட்டி மாதிரி காயும். கீழ்த்தளத்தில் மர பீரோ நல்லது. பூஜ்யத்தில் விட்டுப் போனால் ஆறு மாதத்தில் ஒரேயடியாக இறங்கி, திரும்பிவந்து செருகினாலும் ஏறாமல் போகலாம். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி. கையோடு எடுத்துப்போவதாக இருந்தால் கைப்பையில் வையுங்கள். தனி பேட்டரியோ பவர்பேங்கோ இருந்தால் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் இருக்கிறது. பேட்டரி செத்து மூன்று வருடமாகிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் தட்டச்சுப் பழகக் கொடுக்கலாமா?
— வாசகர், அருப்புக்கோட்டை

தாராளமாகக் கொடுங்கள் தம்பி. 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து அப்படிப்பட்ட லேப்டாப்புகள் நிறைய என் கைக்கு வந்திருக்கின்றன. அடியில் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கழன்று வரும் மாடல் என்றால், பேட்டரியை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டலாம். செத்த பேட்டரியை உள்ளேயே விட்டு ஓட்ட வேண்டாம். கரண்ட் போனால் அந்த நொடியே அணையும், ஆகவே அடிக்கடி ‘சேவ்’ செய்ய அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பில் செருகுங்கள். சார்ஜர் வயரின் கழுத்துப் பகுதி வெடித்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். வெடித்திருந்தால் டேப் சுற்றாமல் வேறு வாங்கிய பிறகே குழந்தை கையில் கொடுங்கள்.