அடைத்த காது: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எப்ஸ்டீன்-பார் வைரஸ் பற்றிய உலக ஆய்வுப் போக்குகளைப் படித்தேன். சீனாவும் அமெரிக்காவும் கட்டுரைகளைக் குவிக்கின்றன. யார் முந்துவார்கள்? அது உண்டாக்கும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் சீனர்களுக்குத்தானே வருகிறது, நமக்கு எதற்குக் கவலை?

வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

யார் முந்துவார்கள் என்பதைக் குதிரைப் பந்தயத்தில் கேளுங்கள். கட்டுரைகளை எண்ணுவதில் எனக்கு ஆர்வமில்லை.

'நமக்கு எதற்கு' என்றீர்களே, அங்கேதான் உங்களோடு சண்டை. உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் இந்த வைரஸ் இருக்கிறது. எச்சிலில் தொற்றி, ஆயுள் முழுவதும் உடலில் தங்கும். பெரும்பாலும் சும்மா கிடக்கும். உங்களிடமும் இருக்கும், ஐயா! அதைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள். 1963 குளிர்காலத்தில் உகாண்டாக் குழந்தை ஒன்றின் தாடைக்கட்டித் துணுக்கு லண்டனுக்கு விமானத்தில் வந்தது. பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட, துணுக்கு மிதந்த திரவம் கலங்கிவிட்டது. கெட்டுப்போனதென்று கொட்டியிருக்கலாம். அதை வரவழைத்த ஆய்வாளர் எப்ஸ்டீன் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உயிரணுக்கள் தனித்தனியாக மிதந்தன. அவற்றை வளர்த்துத்தான் 1964-இல் அவரும் சக ஆய்வாளர்கள் அச்சோங்கும் பாரும் வைரஸைக் கண்டார்கள். ஆப்பிரிக்கக் குழந்தையின் நோய் நமக்கு எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? பேராசிரியர் க. சண்முகரத்னம், நம் அதிபர் தர்மனின் தந்தை, நீங்கள் 'சீனர்களுக்குத்தானே' என்று தள்ளிய அதே மூக்குத்தொண்டைப் புற்றுநோயை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். 1968 முதல் சிங்கப்பூரின் புற்றுநோயாளிகளை எண்ணிவரும் பதிவகம் அவர் தொடங்கியது. அவர் எண்ணியது மனிதர்களை. சீனர்களிடம் இந்நோய் அதிகம் என்று நீங்கள் இன்று அலட்சியமாகச் சொல்ல முடிவதே இப்படி எண்ணியவர்களால்தான். மகனைத் தெரிந்த அளவுக்குத் தந்தையைத் தெரியாதிருப்பது நம் சோம்பேறித்தனம்.

கோபம் அதிகமாகிவிட்டது, மன்னியுங்கள். காரணம் உண்டு. தோ பாயோவில் எங்கள் எதிர்வீட்டு காண்டனீஸ் பேசும் சீன அங்கிள் எப்போதும் இடது காதில்தான் தொலைபேசியை வைப்பார். ஒரு வருடம் வலது காதுக்கு மாறினார். இடது காது அடைத்திருக்கிறது என்றார். அம்மா நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் இரண்டு சொட்டு விட்டார். அங்கிள் தலையைச் சாய்த்தபடி சிரித்தார். அப்போது எனக்குப் பதினாறு வயது, கிண்ணத்தைப் பிடித்திருந்தேன். கழுத்தில் கட்டி தெரிந்தபிறகே மருத்துவரிடம் போனார்.

ஒரு பக்கக் காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால், கழுத்தில் வலியில்லாத கட்டி தெரிந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். உங்கள் எதிர்வீட்டிலும் சொல்லுங்கள்.