போனை நிறுத்தினால் பேச்சு வருமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. போனைக் காட்டினால்தான் சாப்பிட வாய் திறக்கிறான். வாங்கினால் தரையில் புரண்டு அழுகிறான். பத்து வார்த்தைதான் பேசுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்கிறார் கணவர். ஆகுமா?

பதில்: அழுகை குறைந்துவிடும். பேச்சு விஷயத்தில் மட்டும் அப்படிப் பொறுத்திருந்து பார்க்காதீர்கள். இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு வார்த்தையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் திரும்பாததற்குக் காது கேளாமையோ ஆட்டிசமோகூடக் காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் போன்மேல் போட்டுவிட்டு இவற்றைக் கோட்டைவிடக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். காதையும் வளர்ச்சியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எனக்கு அந்தக் கணக்கைவிட, உங்கள் வீட்டில் போன் பிடித்துக்கொண்ட நேரம்தான் உறுத்துகிறது. சாப்பாட்டு வேளையில்தான் பிள்ளை கை நீட்டும், நீங்கள் பெயர் சொல்வீர்கள், அது பாதியைத் திருப்பிச் சொல்லும். வீடியோ இவன் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அதனால்தான் சில குழந்தைகள் ஒன்று முதல் பத்து வரை ஒப்பிக்கும். ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் என்று கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுக்கும்.

அழுகைக்கு வருவோம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது ஓடுகிறது. தானாக நிறுத்திக்கொள்ளும் பக்குவம் இந்த வயதில் கிடையாது. அரை மணி நேரம் அழுத பிறகு கொடுத்தீர்களானால், அரை மணி நேரம் அழ வேண்டும் என்று கற்றுக்கொள்வான். முதலில் சாப்பாட்டு வேளையில் மட்டும் நிறுத்துங்கள். உங்கள் போன்களும் வேறு அறையில் இருக்கட்டும். அவனே கையால் எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்; பின்னால் ஓடி ஊட்டாதீர்கள். முதல் சில நாள் அழுகை கூடும், சாப்பாடு குறையும். பாட்டியோ தாத்தாவோ இரக்கப்பட்டு ரகசியமாகக் கொடுத்தால் பட்ட பாடு வீண். எடை குறைவதாகத் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவதைத் தடுக்க வேண்டாம், அதில் எதிர்முனையில் பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது அவன் பேசும் பத்து வார்த்தைகளையும், விரல் நீட்டி எதையாவது காட்டுகிறானா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.