விலை சொல்லும் விளையாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது 'தி பிரைஸ் இஸ் ரைட்' என்ற தொலைக்காட்சிப் போட்டியைப் பார்த்தேன். நாலு பேரை நிற்கவைத்து ஒரு பொருளைக் காட்டி விலை கேட்கிறார்கள். ஒருவர் 900 டாலர் என்றால் அடுத்தவர் 901 என்கிறார். இது அநியாயமில்லையா? குருட்டு அதிர்ஷ்டத்துக்கா இவ்வளவு ஆரவாரம்? நீங்கள் இதை விரும்பிப் பார்ப்பதாக எழுதியிருந்தது எனக்கு வருத்தம்.

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள அம்மா,

901 அநியாயமில்லை, ஆட்டத்தின் உயிரே அதுதான். விலைக்கு மிக அருகில் சொன்னவர் ஜெயிப்பார்; ஒரு டாலர் தாண்டினாலும் போச்சு. கடைசியில் சொல்பவருக்கு மற்ற மூவரின் கணக்கும் கையில் இருக்கிறது. மூவரும் குறைத்துச் சொன்னதாகப் பட்டால் உச்சத் தொகைக்கு மேல் ஒரு டாலர். மூவரும் ஏற்றிவிட்டார்கள் என்றால் வெறும் 1 டாலர். 1996இல் பொருளியலாளர்கள் இப்படி விலை சொல்வதை ஆராய்ந்தபோது, கடைசி ஆட்களில் பலர் இந்த எளிய வழியைக்கூடக் கைவிடுவது தெரிந்தது. புதிதாக வருபவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதால் அந்தக் கடைசி இடமும் ஆள் மாறிக்கொண்டே இருக்கும்.

அதே நிகழ்ச்சியில் போட்டியாளர்கள் சுற்றிவிடும், 5 சென்ட் முதல் 1 டாலர் வரை 20 எண்கள் உள்ள பெரிய சக்கரம் அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். விலை சொல்வது அப்படியல்ல. 2008இல் ஒருவர் இறுதிப் பரிசுத் தொகுப்பின் விலையை 23,743 டாலர் என்று ஒரு டாலர்கூடப் பிசகாமல் சொன்னார். ஏதோ தில்லுமுல்லு என்று நினைத்த தொகுப்பாளர் ட்ரூ கேரி முகம் மலராமலே முடிவை அறிவித்தார். ஆனால் அந்த மனிதரும் மனைவியும் மாதக்கணக்கில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து பார்த்து, அதே பொருட்கள் அதே விலைக்குத் திரும்ப வருவதைக் கவனித்து வைத்திருந்தார்கள்.

என் அம்மா ஒரு குளிர்காலம் நியூஜெர்சியில் என்னோடு இருந்தார். ஆங்கிலம் தெரியாது. காலை 11 மணிக்கு இந்த நிகழ்ச்சி. முதல் வாரம் எல்லாவற்றையும் ரூபாயாக்கிப் பார்த்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் அந்தக் கணக்கை விட்டுவிட்டார். தபாலில் வரும் கடை விளம்பரத் தாள்களை மடித்துச் சோபாவுக்கு அடியில் வைத்திருப்பார். மளிகைச் சாமான்கள் ஐந்தை வைத்து, மொத்தம் 20 டாலருக்கும் 22 டாலருக்கும் நடுவில் வருகிற மாதிரி எத்தனை எத்தனை வாங்கலாம் என்று கேட்கும் ஆட்டம் ஒன்று உண்டு. மேடையில் இருந்தவர் விழித்துக்கொண்டிருந்தார். அம்மா கைவிரல் கணுக்களைத் தொட்டுக் கூட்டி, "சோப்புத்தூள் ரெண்டு, சூப்பு மூணு, போதும், நிறுத்தச் சொல்லு" என்றார். கணக்கு சரியாக வந்தது.

ஐம்பது வருஷம் மளிகைச் சீட்டு எழுதிய அறிவு அது. வீட்டில் யாரும் அதை அறிவு என்று சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அதற்குக் கைதட்டும் ஒரு இடத்தை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த முறை பார்க்கும்போது, விலைப்பலகை திறக்கும் முன் நீங்களும் ஒரு விலையைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.