உக்கடத்தில் கிடைத்த சுவிட்சுப் பெட்டி

வணக்கங்க. கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய பெட்டி, 'சீக்', 'ஹெட் லோடு' என்ற எழுத்துகள், வரிசையாகச் சுவிட்சுகள், தடித்த கேபிள் என்கிறீர்கள். நீங்கள் நினைப்பது போல அது கம்ப்யூட்டரின் முகப்புப் பலகை இல்லை. டிஸ்க் டிரைவைச் சோதிக்கும் பெட்டி. கம்ப்யூட்டர் துணையில்லாமலே டிரைவின் ஹெட்டை (டிஸ்கில் எழுதிப் படிக்கும் முனையை) முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்க, சர்வீஸ் ஆட்கள் தூக்கிக்கொண்டு திரிந்தது. 'சீக்' என்றால் ஹெட்டை ஓட்டுவது, 'ஹெட் லோடு' என்றால் அதை டிஸ்கின் மேல் இறக்குவது.

எந்த டிரைவுக்கு? சிலிண்டர் சுவிட்சுகளைப் பாருங்கள். சிலிண்டர் என்பது ஹெட் போய் நிற்கும் வட்டத் தடம்; போட்ட சுவிட்சுகளின் கூட்டுத்தொகைதான் அதன் எண். 1, 2, 4 என்று போய் 128-இல் நின்றால், 203 சிலிண்டர் கொண்ட ஐபிஎம் 2311, 2314 தலைமுறை. 256 இருந்தால் 411 சிலிண்டர், 3330 வகை. 512-ம் இருந்தால் இன்னும் பிந்தியது. இதே மாதிரி டிரைவுகளை வேறு கம்பெனிகளும் செய்தன. அதனால் கேபிள் முனையின் பின்களை எண்ணிப் படம் போடுங்கள், அப்புறம் பெயர் சொல்லலாம்.

கூட வந்த டிஸ்க் பேக்கில் (டிரைவில் கழற்றி மாட்டும் தட்டு அடுக்கு) 'சிஇ', அதாவது கஸ்டமர் இன்ஜினியர், என்று எழுதியிருந்தால் அதுதான் புதையல். ஹெட்டை நேர்செய்ய முன்பே பதிந்து வைத்த அளவுகோல் அது. காந்தம் பட்டால் பதிவு கெடும், ஸ்பீக்கர் பக்கம்கூட வைக்காதீங்க.

பெட்டியை மட்டும் ஆர்வக்கோளாறில் கரண்டில் சொருகிவிடாதீங்க. கெபாசிட்டருக்கு வயசு ஐம்பது இருக்கும்.