பெரிய அளவு இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர் யார்?

கேள்வி: கணவரின் வேலை நிமித்தம் ஏழு ஆண்டுகளாக டோக்கியோவில், நிஷிகசாயில் வசிக்கிறோம். ஜப்பானியப் பெண்கள் உடுத்தும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால், சற்றே பூசினாற்போன்ற என் உடல்வாகுக்கு இங்கே எதுவும் பொருந்துவதில்லை. உயரம் 157 செ.மீ., மார்புச் சுற்று 98, இடுப்புச் சுற்று 110. எல் அளவு மேலங்கியில் பொத்தான் பூட்ட முடிவதில்லை. பாவாடை தொடையைத் தாண்டி ஏறுவதில்லை. வரும் மார்ச்சில் மகளின் ஆரம்பப் பள்ளி நிறைவு விழா நடக்கிறது. மற்றத் தாய்மார்கள் கருநீல உடையிலோ கிமோனோவிலோ வருவார்கள். நானும் அப்படிப் போக ஆசைப்படுகிறேன். எனக்கு ஜப்பானிய மொழி வராது என்பதால், கடையில் பெரிய அளவு இருக்கிறதா என்று மகள்தான் கேட்பாள். இப்போதெல்லாம் அவளும் உடன் வர மறுக்கிறாள், வயது அப்படி. எங்கே, எப்படித் தேடுவது?
– டோக்கியோ வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி சென்டிமீட்டர்களைப் பற்றியது, அதற்கு விடை இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதற்கு முன்பு, போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் கடந்துபோன ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும். உங்களுக்குப் பெரிய அளவு இருக்கிறதா என்று கடையில் கேட்பவள் உங்கள் மகள். அவள் இப்போது வர மறுக்கிறாள். அதற்கு ‘வயது அப்படி’ என்று நீங்களே ஒரு காரணத்தையும் எழுதிக்கொண்டீர்கள். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை.

அந்தக் கடையில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுமி விற்பனைப் பெண்ணிடம் போய், தன் அம்மாவுக்கு இது சிறிதாக இருக்கிறது, இதைவிடப் பெரியது உண்டா என்று கேட்கிறாள். அந்தப் பெண் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, தலை தாழ்த்தி, மிகுந்த பணிவோடு மன்னிப்புக் கேட்கிறாள். அந்த மன்னிப்பை வாங்கிக்கொள்வது நீங்கள் அல்ல, உங்கள் மகள். பிறகு அவள் உங்கள் பக்கம் திரும்பி, இல்லையாம் என்று தமிழில் சொல்ல வேண்டும். உங்கள் முகம் வாடுவதையும் அவளே பார்க்க வேண்டும். பக்கத்தில் அவளுடைய வகுப்புத் தோழி தன் தாயுடன் நின்றுகொண்டிருக்கவும் கூடும். இதைப் பல ஆண்டுகளாகச் செய்த பிள்ளை ஒருநாள் வர மாட்டேன் என்கிறாள் என்றால், அவள் இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டாள் என்பதுதான் நான் அதில் காண்பது.

பிள்ளைகள் பெற்றோருக்கு உதவக் கூடாது என்று சொல்பவன் அல்ல நான். அயல்நாட்டில் வாழும் குடும்பத்தில், தபால் நிலையத்திலும் இரயில் நிலையத்திலும் மகள் நமக்காகப் பேசட்டும். அது அவளுக்குப் பெருமையாகவே இருக்கும். ஆனால், தாயின் உடலைப் பற்றிய கேள்வியையும் அதற்குக் கிடைக்கும் மறுப்பையும் பிள்ளையின் தலையில் ஏற்றுவது தவறு. பிள்ளையின் முன்னால் தன் உடலுக்காகக் கூசி நிற்காதிருப்பது தாயின் கடமைகளில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவும் நீங்கள் இருக்கும் நாட்டில் அது இரட்டிப்புக் கடமை. 2008 முதல் அங்கே 40 வயதிலிருந்து 74 வயது வரையிலானோருக்கான மருத்துவப் பரிசோதனையில் இடைச் சுற்றையும் அளக்கிறார்கள். ஆண்களுக்கு 85 செ.மீ., பெண்களுக்கு 90 செ.மீ. என்று எல்லையும் வகுத்திருக்கிறார்கள். அத்தகைய சமூகத்தில் வளரும் உங்கள் மகள், நடுநிலைப் பள்ளியில் சேருவதற்கு முன்பு சீருடைக்கு அளவு கொடுக்கப் போவாள். தையல் நாடா தன் மார்பையும் இடுப்பையும் சுற்றும்போது அவள் எதை நினைப்பாள் என்பது, கடைகளில் உங்களை அவள் பார்த்த விதத்தைப் பொறுத்தது.

ஏழு ஆண்டுகள் ஒரு நாட்டில் வாழ்ந்துவிட்டு, ‘மொழி வராது’ என்று ஒரே சொற்றொடரில் நீங்கள் முடித்துக்கொள்வதையும் கண்டிக்கிறேன். நான் உங்களைக் ‘கான்ஜி’ என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துகளைக் கரைத்துக் குடிக்கச் சொல்லவில்லை. ‘ஓகீ சைஸு வா அரிமாஸ்கா’ என்றால் பெரிய அளவு இருக்கிறதா என்று கேட்பது. ‘ஷிச்சாகு ஷிதெமோ ஈ தெஸ்கா’ என்றால் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பது. இந்த இரண்டையும் இன்று இரவே மனப்பாடம் செய்துவிடலாம். இது இத்தனை நாளும் உங்களால் முடியாததாக இருந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. கேட்கக் கூசினீர்கள், அந்தக் கூச்சத்தை மகளிடம் கொடுத்தீர்கள். அலுவலகத்தில் ஜப்பானியர்களோடு பழகும் கணவரை ஒருமுறையாவது கேட்கச் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

இனி உடைக்கு வருகிறேன். எல் அளவை எடுத்துப் போட்டுப் பார்த்து மனம் உடைவதை முதலில் நிறுத்துங்கள். ஜப்பானியத் தர அளவின்படி எல் என்பது 86 முதல் 94 செ.மீ. வரை மார்புச் சுற்று உள்ளவருக்கானது. உங்களுடையது 98. அது உங்களுக்குப் பொருந்தாததில் வியப்பும் இல்லை, குற்றமும் இல்லை. விழாவுக்குரிய உடைகளைப் பெரும்பாலும் எண்ணால் குறிப்பார்கள்: 9 என்றால் மார்புச் சுற்று 83, 13 என்றால் 89, 17 என்றால் 96, 19 என்றால் 100. நீங்கள் 19-இல் தேட வேண்டியவர். அந்த எண்ணுக்குப் பிறகு வரும் எழுத்தைத்தான் உங்களைப் போன்றவர்கள் கவனிக்காமல் விடுகிறார்கள். ஏ என்றால் சராசரி உடல்வாகு. ஏபி என்றால் அதே மார்பளவுக்கு இடுப்பு 4 செ.மீ. கூடுதல், பி என்றால் 8 செ.மீ. கூடுதல். இறுதியில் வரும் ஆர் என்பது 158 செ.மீ. உயரத்தைக் குறிக்கும், அது ஏறக்குறைய உங்கள் உயரமே. ஆகவே, சீட்டில் 19ஏபிஆர் அல்லது 19பிஆர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள இந்த வேறுபாடு அந்த நாட்டின் தர அளவிலேயே இடம்பெற்றிருக்கும்போது, உங்கள் உடல் அங்கே எதற்கும் ஒத்துவராத உடல் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள்.

இணையத்தில் வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். சில கடைகள் உடுத்துபவரின் உடல் அளவைத் தரும். சில கடைகள் தைத்து முடித்த துணியின் அளவைத் தரும். ‘மிஹாபா’ என்று போட்டிருந்தால், உடையைத் தட்டையாக விரித்து ஒரு பக்க அக்குளிலிருந்து மறுபக்க அக்குள் வரை அளந்தது. அதை இரண்டால் பெருக்கினால் முழுச் சுற்று வரும். மேலங்கியானால், அந்தச் சுற்று உங்கள் அளவைவிட 8 முதல் 10 செ.மீ. வரை கூடுதலாக இருக்கட்டும். ‘ஃப்ரீ சைஸ்’ என்று எழுதியிருப்பதை, மிஹாபாவைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பெரிய அளவுகளுக்கென்று நிஸ்ஸென் என்ற இணையவழி விற்பனை நிறுவனம் ‘ஸ்மைல்லேண்ட்’ என்ற தனிப் பிரிவையே வைத்திருக்கிறது. பெரிய அங்காடிகள் சிலவற்றில் இத்தகைய அளவுகளுக்குத் தனிப் பகுதி உண்டு. 2013-இல் தொடங்கிய ‘லா ஃபார்ஃபா’ என்ற இதழ் பருமனான பெண்களின் உடைகளுக்காகவே வந்தது. நகைச்சுவைக் கலைஞர் நவோமி வாதனாபே 2014-இல் ‘புன்யுஸ்’ என்ற உடை வரிசையைத் தொடங்கினார். உங்களைப் போன்ற பெண்கள் அங்கே ஏராளம். மேலங்கியும் பாவாடையும் ஒரே தொகுப்பாக விற்பதை விட்டுவிட்டுத் தனித்தனியாக வாங்குங்கள். மேலங்கியை மார்புக்குப் பொருந்துமாறு எடுத்து, தோளையும் கையையும் துணி திருத்தும் கடையில் குறைத்துக்கொள்ளுங்கள். பெரியதைச் சிறிதாக்கலாம், சிறியதில் பிரித்துவிடுவதற்கு உள்ளே துணி இருக்காது.

கிமோனோ உங்கள் ஆசையில் இருப்பதால் சொல்கிறேன்: அது உங்கள் உடலுக்கு எதிரியே அல்ல. ஏறக்குறைய 36 முதல் 38 செ.மீ. வரை அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணியை நேர்க்கோடுகளாக வெட்டித் தைப்பது அது. கூடுதல் உயரத்தை இடையில் மடித்துக் கட்டுவார்கள். மெலிந்த பெண்களானால், இடையைச் சுற்றித் துவாலைத் துண்டுகளைக் கட்டி உடலை உருளை வடிவாக்கிய பிறகே உடுத்துவார்கள். உங்களுக்கு அந்தத் துண்டுகளில் சில தேவைப்படாமல் போகலாம். மார்பை மட்டும் அதற்குரிய உள்ளாடையால் சற்று அமர்த்த வேண்டியிருக்கும். வாடகைக் கடையில் இடுப்பு அளவு 110 என்று தெளிவாகச் சொல்லி, அகலமாகத் தைத்ததைக் கேளுங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் போதிய அளவு மேலே சுற்றாது, நடக்கும்போது விலகும்.

சேலை கட்டிக்கொண்டு போகலாமே என்று ஊரிலிருந்து உங்களுக்கு யோசனை வந்திருக்கும். விரும்பிக் கட்டினால் அது விழாவுக்கே அழகு. கடையில் தோற்றுத் திரும்பியதை மறைப்பதற்காகக் கட்டுவதானால் வேண்டாம். மகள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள்.

ஜனவரியில் விழா உடைகள் கடைக்கு வந்துவிடும். திருத்தித் தைப்பதற்கு அவகாசம் வேண்டும் என்பதால் அந்த மாதமே போங்கள்; மகளை அழைக்காதீர்கள். அதற்கு முன்பு ஒருநாள் அவளை உட்கார வைத்து, இத்தனை கடைகளில் உன்னைக் கேட்க வைத்தது என் தவறு, இனி நானே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். கிமோனோதான் என்று முடிவுசெய்தால், மார்ச் மாதத்தில் உடுத்திவிடுபவர்களுக்கு வேலை நெருக்கடி இருக்கும் என்பதால் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொலைபேசி அழைப்பையும் நீங்களே செய்யுங்கள்.